திருப்பரங்குன்றத்துக்கு எத்தனை பைட்?

பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர் காட்டும் எல்இடி பலகைகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுவது என் வேலை. அலுவலகம் கே.கே. நகரில் இருக்கிறது. அந்தப் பலகைகளுக்காகச் சரங்களைக் கையாளும் சிறிய லைப்ரரி ஒன்றை எழுதி வருகிறேன். நிரலைவிட ஆவணத்துக்கே அதிக நேரம் போகிறது. போகட்டும்.

சி மொழியில் சரம் என்பது பூஜ்ய பைட்டில் முடியும் பைட் வரிசை. அந்தப் பூஜ்யம் வரும்வரை பைட்டுகளை எண்ணும் ஃபங்ஷன் ஸ்ட்ர்லென் (strlen). யூனிகோடு என்ற பொது எழுத்துப் பட்டியலில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும்கூடத் தனிக் குறியீடு உண்டு. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். திருப்பரங்குன்றம் நமக்குப் பத்து எழுத்து. யூனிகோடுக்கு 17 குறியீடு. ஸ்ட்ர்லென்னுக்கு 51 பைட். "நீளம் என்றால் எந்த நீளம் அக்கா?" என்று கேட்டான், உசிலம்பட்டியிலிருந்து வரும் தம்பி. ஒவ்வொரு ஃபங்ஷனின் விளக்கத்திலும் முதல் வரி இதற்குத்தான் பதில் சொல்லும்.

இரண்டாவது வரி: இடம் போதாவிட்டால் என்ன ஆகும்? சரத்தை நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பி (strncpy) பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தின் 14 பைட் கோப்புப்பெயர்க் கட்டத்தை நிரப்பப் பிறந்தது. 'மதுரை' என்ற பெயரே 15 பைட்; அந்தக் கட்டத்தில் அடங்காது. நகலெடுக்க வேண்டிய மூலச் சரம் இடத்தைவிடப் பெரிதாக இருந்தால், கடைசியில் பூஜ்யம் வைக்காமலே ஸ்ட்ர்என்காப்பி வேலையை முடித்துவிடும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 1998இல் கொண்டுவந்த ஸ்ட்ர்எல்காப்பி (strlcpy) பூஜ்யத்தை வைக்கிறது. மூலத்தின் முழு நீளத்தையும் திருப்பித் தருகிறது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி லைப்ரரியான கிலிப்சி (glibc) அதை ஏற்க 2023 ஆயிற்று. நல்ல ஃபங்ஷன்தான், ஆனால் அதற்கும் பைட்தான் எல்லை.

16 பைட் இடத்தில் பூஜ்யம் போக 15 பைட் மிஞ்சும். அதில் திருப்பரங்குன்றம் 'திருப' என்று நிற்கும். ஐந்து குறியீடுகளும் முழுமையானவை. யுடிஎஃப்-8 சோதனையில் ஒரு பிழையும் வராது. ஆனால் 'ப்'பின் புள்ளி காணாமல் போயிருக்கும். எழுத்தின் எல்லை பார்த்து வெட்டினாலும் 'திரு' மட்டுமே மிஞ்சும். அதைப் பார்த்து ஏறுகிறவர் திருப்புவனம் போவாரா, திருப்பத்தூர் போவாரா? ஆகவே என் லைப்ரரி வெட்டாது. பிழைக் குறி தரும், தேவையான பைட் எண்ணிக்கையைச் சொல்லும், பழைய பெயரைத் தொடாது. ஆவணத்தில் இதைக் காரணத்தோடு எழுதியிருக்கிறேன். காரணம் தெரியாதவர் நாளைக்கு 'வசதிக்காக' வெட்டத் தொடங்கிவிடுவார்.

ஒப்பிடும் ஃபங்ஷன் இன்னும் பாக்கி. கொடைக்கானலின் 'கொ'வை ககரமும் ஒரே உயிர்க்குறியுமாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்று; பைட் பைட்டாக ஒப்பிடும் ஸ்ட்ர்சிஎம்பிக்கு (strcmp) வேறு வேறு. ஒரே வடிவுக்கு மாற்றும் வேலையை ஒப்பிடும்போது செய்யாமல், பெயர் உள்ளே வரும்போதே செய்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். இந்த வாரம் அந்தப் பக்கத்தைத்தான் எழுதுகிறேன்.