ரேகை எடுக்காத விரல்கள்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலைக்குக் கூலிக் கணக்கு ஆப் செய்து தரும் வேலை போன வருஷம் எங்களுக்கு வந்தது. புதுச்சேரியில் நாலு பேர் உட்காரும் சின்ன அலுவலகம் எங்களுடையது, நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். முந்திரி எனக்குப் புதிதில்லை. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு தோப்பு தோப்பாக மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் மரத்தைத் தெரிந்து வைத்திருப்பது வேறு, ஆலைக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிவது வேறு. அது தெரியாமலேதான் லேப்டாப்பைத் திறந்து ஆப்பின் திரைகளுக்குக் கட்டம் போட ஆரம்பித்தேன், வயர்ஃப்ரேம் என்போம் அதை.

வயர்ஃப்ரேம் என்றால் என்னவென்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வீடு கட்டும் முன் மேஸ்திரி தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவார் இல்லையா, அது. இங்கே வாசல், இங்கே சமையலறை என்று கோட்டுக்குள் நடந்து பார்க்கலாம், சுவருக்கு என்ன பெயின்ட் என்ற பேச்சே அப்போது வராது. இதை வரைவதற்கென்றே பால்சமிக் என்ற மென்பொருள் 2008ல் வந்தது. அதில் பட்டன், பெட்டி எல்லாமே கையால் கிறுக்கினது போலத்தான் இருக்கும், வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பளபளவென்று காட்டினால் எதிரே இருப்பவர் "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லி எழுந்துவிடுவார், இல்லையென்றால் பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கே என்பார். கிறுக்கலைக் காட்டினால் பேனாவை எடுத்து அதன் மேலேயே அடித்துத் திருத்துவார். பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், இது மாறிப் பார்த்ததில்லை.

ஆலை முதலாளியும் அப்படித்தான் செய்தார். நான் பிரிண்ட் எடுத்துப் போன முதல் தாளிலேயே "எடை" என்று ஒரு பெட்டி இருந்தது, அதைச் சுற்றி வட்டம் போட்டு "இது கிலோவா, பவுண்டா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவரே உட்கார வைத்துச் சொன்னார். கொட்டை வாங்கும்போது 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்றுதான் பேசுவார்களாம், 48 பவுண்டு என்றால் 22 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. விற்கும்போது தரமும் பவுண்டு கணக்குதான். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300லிருந்து 320 பருப்பு நிற்கும், டபிள்யூ 180 என்றால் 170லிருந்து 180தான் நிற்கும், அது பெரிய பருப்பு, விலையும் அதிகம். ஆனால் உடைக்கிற, தோல் உரிக்கிற பெண்களுக்குக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று. ஒரே கூரையின் கீழ் இரண்டு அளவு ஓடுகிறது, நான் ஒரு பெட்டி போட்டு வைத்திருந்தேன். கோடு போடுகிற கட்டத்திலேயே அது தெரிந்ததால் ரப்பர் வைத்து அழிப்பது போல அழித்தாயிற்று. டேட்டாபேஸ் எழுதி முடித்த பிறகு தெரிந்திருந்தால் இரண்டு வாரம் போயிருக்கும்.

இடையில் தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பால்சமிக்கின் அந்தக் கிறுக்கல் எழுத்துருவில் தமிழ் இல்லை, தமிழில் தட்டினால் கணினியில் இருக்கும் வேறு எழுத்துருவுக்குத் தாவிவிடும். அது பரவாயில்லை, நீளம்தான் பெரிய விஷயம். நிறைய பேர் ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டு மொழிபெயர்ப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். "சேமி" எங்கேயும் அடங்கும், "தரம் பிரிக்க அனுப்பு" அடங்காது, இரண்டு வரியாக உடையும், உடைந்தால் கீழே இருக்கும் பட்டன் மறையும். முதல் கோட்டிலிருந்தே தமிழில் எழுதினால்தான் பெட்டியின் அளவு சரியாக வரும்.

சரி, கட்டங்கள் முடிவானதும் ஃபிக்மா என்ற திரை வடிவமைக்கும் மென்பொருளுக்குப் போனேன். 2016ல் எல்லோருக்கும் திறந்துவிட்டதிலிருந்து எங்கள் தொழிலில் பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான். வரைந்த திரைகளை அம்புக்குறி இழுத்து ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் போனில் நிஜ ஆப் போலவே நகரும். ஒரு வரி நிரல் கூட எழுதியிருக்க மாட்டோம், ஆனால் தொட்டால் அடுத்த திரை வரும், இதைத்தான் புரோட்டோடைப் என்கிறோம். பதினான்கு திரை செய்தேன். உள்ளே நுழைய விரல் ரேகை வைத்திருந்தேன், கணக்கு எழுதுகிறவருக்குக் கடவுச்சொல் தட்டும் சிரமம் வேண்டாமே என்று. அலுவலகத்தில் மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்தோம், அப்புறம் முதலாளியின் மகன், ஆலையின் கிளார்க். எல்லோரும் ரேகைப் படத்தைத் தொட்டார்கள், உள்ளே போனார்கள், எடை போட்டார்கள், வெளியே வந்தார்கள். ஒரு தடங்கலும் இல்லை.

ஆலையில் தினமும் தராசின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது ஒரு அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் கொட்டை உடைத்துவிட்டு இப்போது தராசுக்கு வந்திருக்கிறார். அவரிடம் போனைக் கொடுக்க நெல்லிக்குப்பம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். தகரக் கூரை, சிக்னல் ஒற்றைக் கோடு, நல்லவேளையாகத் திரைகளை முன்பே போனில் இறக்கி வைத்திருந்தேன். அக்கா ரேகைப் படத்தைப் பார்த்தார். தொடவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு வலது கையைத் திருப்பிக் காட்டினார்.

"இது என் கைய எடுக்காது தம்பி. ரேஷன் கடையிலயே எடுக்க மாட்டேங்குது."

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்து வழவழவென்று இருந்தன. முந்திரி ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைச் சுடும், கொப்புளம் வரும், தோல் உரிந்து உரிந்து வளரும். சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் வருஷக்கணக்கில் அந்த எண்ணெயில் இருந்த விரலில் கோடு மிஞ்சுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு பேரும் கையை நீட்டிக் காட்டினார்கள். நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தது, இன்று வரை விடாமல் யோசிப்பது: ஐந்து பேர் தொட்டபோதும் அது ஏன் தெரியவில்லை? ஏனென்றால் என் திரையில் இருந்தது ரேகை இல்லை, ரேகையின் படம். முழங்கையால் தொட்டாலும் திறந்திருக்கும். புரோட்டோடைப்பில் எதையெல்லாம் நாம் படமாக மட்டும் வைக்கிறோமோ, ரேகை, நெட்வொர்க், தராசிலிருந்து வரும் எண், அங்கெல்லாம் சோதனை நடக்கவே இல்லை, நடந்தது போல நமக்குத் தோன்றுகிறது. அக்கா அந்தப் படத்தைத் தொட்டிருந்தால் அவருக்கும் கதவு திறந்திருக்கும், நானும் சந்தோஷமாகக் கிளம்பி வந்திருப்பேன். அவர் தொடாமல் நின்றதால்தான் பிழைத்தோம்.

எடைப் பெட்டியிலும் இதே கதை இருந்தது. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ஒரு நாளைக்கு 60 கிலோ பருப்பு என்று நானாகவே ஒரு எண் போட்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்து, "மூணு மூட்டைக் கொட்டைய ஒருத்தியா உடைச்சா?" என்று கேட்டார். முழுப் பருப்பு தனி, உடைசல் தனி எடை என்றும் அப்போதுதான் சொன்னார், உடைசல் கூடினால் கூலியில் பேச்சு வருமாம். இதை முதலாளி சொல்லவில்லை. அவர் மேசைக்குக் கூட்டுத்தொகைதான் போகிறது.

அன்றிலிருந்து எந்தத் திரையில் எது வெறும் படமோ அதன் மூலையில் சிவப்பில் "படம்" என்று எழுதி வைக்கிறேன். நான்கு எண் போட்டு நுழைவது என்று மாற்றினோம். தொடும் பட்டன் 48 டிபிக்கு (திரையில் நீளம் அளக்கும் அலகு) குறையக் கூடாது என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்கிறது, திரையில் அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வரும். நாங்கள் 72 வைத்தோம், எண்ணெய் பிசுக்கோடு விரல் வழுக்கினாலும் பக்கத்து எண்ணில் விழாதபடி. அடுத்த சோதனைக்கு அலுவலகத்தில் யாரிடமும் காட்டாமல் நேரே தராசுக்கே போனேன்.

ஆப் இப்போது ஓடுகிறது. அக்கா முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு எண்ணைத் தட்டுகிறார், அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் நீள நோட்டிலும் எழுதுகிறார். நோட்டை நிறுத்தச் சொல்லி முதலாளியின் மகன் கேட்டாராம். நான் வேண்டாம் என்றேன், மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துவருகிறதா என்று அந்தப் பெண்களே பார்க்கட்டும்.