பிஏ ஸ்கூலுக்கு முன்னாடி: நர்சிங் ஹோம்ல நான் வேலை பார்த்த 1,056 மணி நேரம்

பிஏ ஸ்கூலுக்கு அப்ளை பண்ணனும், பேஷன்ட் கேர் அனுபவம் கேக்கறாங்க, எங்க போயி வாங்கறதுன்னு தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேரு தனித்தனியா கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பறதுக்கு பதிலா ஒரே தடவையா எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன்.

பிஏன்னா நம்ம ஊர்ல கலெக்டருக்கோ மந்திரிக்கோ இருக்கற பிஏதான் ஞாபகம் வரும், எங்கம்மாவும் மொதல்ல "யாருக்கு கண்ணு பிஏ?"ன்னுதான் கேட்டாங்க. இது பிஸிஷியன் அசிஸ்டன்ட், அமெரிக்கால நோயாளிய பரிசோதிச்சு என்ன நோய்னு கண்டுபிடிச்சு மருந்து எழுதற அளவுக்கு பொறுப்புள்ள வேலை, டாக்டரோட சேர்ந்து செய்யறது. 1965ல டியூக் யுனிவர்சிட்டில டாக்டர் யூஜின் ஸ்டெட் ஆரம்பிச்ச படிப்பு இது. மொத பேட்ச்ல சேர்ந்த நாலு பேருமே நேவில காயம்பட்டவங்களுக்கு வைத்தியம் பார்த்துட்டு வந்தவங்க. அதாவது ஏற்கனவே நோயாளியத் தொட்டுப் பழகின கை இருக்கறவங்களுக்காகவே வந்த படிப்பு, இன்னைக்கும் இத்தனை மணி நேரம் நோயாளியப் பார்த்திருக்கணும்னு ஸ்கூல்ல கேக்கறதுக்கு வேர் அங்கதான் இருக்கு.

நான் கோயம்புத்தூர்ல பிஎஸ்சி மைக்ரோபயாலஜி முடிச்சவ, கல்யாணமாகி ஹூஸ்டன் வந்தேன், கிரீன் கார்டு வந்ததுக்கப்புறம்தான் இந்த யோசனையே. இந்தியா டிகிரிய மட்டும் வச்சுக்கிட்டு பெரும்பாலான ஸ்கூல்ல அப்ளை பண்ண முடியாது, அனாடமி, பிசியாலஜி எல்லாம் இங்க கம்யூனிட்டி காலேஜ்ல திரும்பப் படிச்சேன், அந்தக் கதை இன்னொரு நாள்.

மணி நேரக் கணக்கு ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும். சில எடத்துல 500, சில எடத்துல 1,000, சிலதுல கட்டாயமே இல்ல, ஆனா போட்டியில நிக்கணும்னா 2,000 பக்கம் இருந்தா நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் செஞ்ச மொத தப்பு, ஒரு கிளினிக்ல ஃப்ரன்ட் டெஸ்க்ல சேர்ந்ததுதான். எட்டு மாசம் அப்பாயின்ட்மென்ட் போட்டு இன்சூரன்ஸ் கார்டு ஸ்கேன் பண்ணி, இதுவும் மெடிக்கல் ஃபீல்டுதானேன்னு நம்பிட்டு இருந்தேன். அப்ளிகேஷன் பெரும்பாலும் காஸ்பாங்கற ஒரே ஆன்லைன் சிஸ்டம் வழியாத்தான் போகும், அதுல ரெண்டு தனித்தனி கட்டம் இருக்கு. பேஷன்ட் கேர்னு ஒண்ணு, ஹெல்த் கேர்னு ஒண்ணு. நோயாளியோட கவனிப்புக்கு நீங்க நேரடியா பொறுப்பா இருந்தாத்தான் மொத கட்டம். என் எட்டு மாசமும் ரெண்டாவது கட்டத்துல போயி விழுந்துச்சு. டாக்டர் நோயாளியப் பார்க்கும்போது கூட இருந்து குறிப்பு எழுதற ஸ்க்ரைப் வேலை கூட சில ஸ்கூல் பேஷன்ட் கேர்னு ஏத்துக்கும், சிலது ஏத்துக்காது, சேர்றதுக்கு முன்னாடியே நீங்க அப்ளை பண்ணப்போற ஸ்கூலோட வெப்சைட்ல பார்த்துடுங்க.

அப்புறம்தான் சிஎன்ஏ, அதாவது சர்டிஃபைட் நர்சிங் அசிஸ்டன்ட் கோர்ஸ் சேர்ந்தேன். டெக்சஸ்ல 100 மணி நேரம், 60 கிளாஸ், 40 நேரடியா நோயாளிகிட்ட. முடிச்சதும் எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை. கை கழுவறதுல இருந்து ஆரம்பிக்கும், அதுல கோட்டை விட்டவங்க எங்க பேட்ச்லயே இருந்தாங்க. பக்கவாதம் வந்தவங்களுக்கு சட்டை போடும்போது முடியாத கைக்கு மொதல்ல போடணும், கழட்டும்போது நல்ல கையில இருந்து கழட்டணும், இதை எங்க வீட்டுக்காரர உக்கார வச்சு தினமும் ராத்திரி பழகினேன், பாவம் அவரும் ஒரு மாசம் பொறுமையா கைய தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தாரு.

வேலை கெடைச்சது ஒரு நர்சிங் ஹோம்ல. நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா சின்ன பிரைவேட் ஆஸ்பத்திரி, இங்க அப்படி இல்ல, வயசானவங்க மாசக்கணக்கா வருஷக்கணக்கா தங்கற எடம். சனி ஞாயிறு பன்னெண்டு பன்னெண்டு மணி நேரம், வாரம் 24. ஒரு ஷிஃப்ட்ல பத்துப் பன்னெண்டு பேரு என் பொறுப்பு. காலைல எழுப்பி, டயபர் மாத்தி, தொடைச்சு விட்டு, பல்செட் கழுவி மாட்டி, ஆளத் தூக்கற லிஃப்ட் மெஷின் வச்சு தூக்கி வீல்சேர்ல உக்கார வச்சு, முழுங்க முடியாதவங்களுக்கு தண்ணியக் கூட கெட்டியாக்கி நேரா நிமிர்த்தி உக்கார வச்சு ஸ்பூன் ஸ்பூனா குடுக்கணும், இல்லன்னா நுரையீரலுக்குள்ள போயிரும். அசைய முடியாதவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும். மொத மாசம் வீட்டுக்கு வந்தா இடுப்பு நிமிராது, ஆளும் போதல, ஒருத்தர் லீவு போட்டா இன்னும் நாலு பேரு நம்ம தலையில. அந்த எடத்து மேல எனக்கு இன்னமும் கோவம் இருக்கு, நோயாளிங்க மேல ஒரு நாளும் இருந்ததில்ல.

அம்மாகிட்ட மூணு மாசம் சொல்லவே இல்ல. ஒரு நாள் வீடியோ கால்ல யூனிஃபார்ம பார்த்துட்டு கேட்டாங்க, சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "ஏங்கண்ணு, படிச்சுப்போட்டு அங்க போயி ஊரார் பீ மூத்திரம் அள்ளறயா, வெளிய தெரிஞ்சா என்ன பேசுவாங்க"ன்னாங்க. அந்த வேலைய யாரு செய்யணும்னு நம்ம ஊர்ல யாரு எப்படி முடிவு பண்ணி வச்சிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அந்தப் பயம்தான் அம்மா வாயில வந்துச்சு. அம்மிச்சி படுத்த படுக்கையா கெடந்த ரெண்டு வருஷமும் நீங்க அதைத்தானேம்மா செஞ்சீங்கன்னேன். "அது எங்கம்மா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

ஆறாவது மாசம்னு நினைக்கிறேன், என் லிஸ்ட்ல ஒரு கருப்பினத் தாத்தா, பக்கவாதம், இடது பக்கம் வேலை செய்யாது. சாக்ஸ் கழட்டி கால் கழுவும்போது இடது குதிங்கால் சூடா இருந்துச்சு, வலது குதிங்கால விட கல்லு மாதிரி இறுக்கமாவும் இருந்துச்சு. படுக்கைப் புண்ணோட மொத அறிகுறி தோல் செவந்து போறது, அழுத்தினாலும் வெளுக்காதுன்னுதான் கிளாஸ்ல படம் காட்டினாங்க, படத்துல இருந்த கால் எல்லாம் வெள்ளைக்காரங்க கால். கருப்புத் தோல்ல செவப்பு சுலபமா தெரியாது, என் தோல்லயே சரியா தெரியாதே. கையால தொட்டு சூடும் இறுக்கமும்தான் சொல்லும். உடனே நர்ஸ்கிட்ட போயி சொன்னேன், அவங்க வந்து பார்த்து, நிறம் எதுவும் மாறலையேன்னு மொதல்ல தயங்கி, அப்புறம் ரெண்டு குதிங்காலையும் ஒண்ணா புடிச்சுப் பார்த்துட்டு முகம் மாறி, ஸ்டேஜ் ஒண்ணுன்னு எழுதினாங்க. கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி வச்சு குதிங்கால் மெத்தையில படாம அந்தரத்துல நிக்கற மாதிரி செய்யச் சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணி இதைச் சொன்னேன், பேரு ஊரு எதுவும் சொல்லல, சொல்லவும் கூடாது. கேட்டுட்டே இருந்தவங்க "அம்மிச்சிக்கு நான் அப்பாவோட பழைய வேட்டியச் சுருட்டி கெண்டைக்காலுக்கு அடியில குடுப்பனே, நெனப்பில்லயா, கடைசி வரைக்கும் அவங்க குதிங்கால்ல ஒரு புண்ணு வல்ல"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. அதுக்கப்புறம் வாராவாரம் அவங்களா கேக்க ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு யார யார பார்த்தே, சாப்பிட்டாங்களான்னு.

44 வாரம், 1,056 மணி நேரம் அங்க. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரில பிசிடி, அதாவது பேஷன்ட் கேர் டெக்னீஷியன் வேலை, வாரம் மூணு ஷிஃப்ட், 36 மணி நேரம், 30 வாரம். அங்க ரத்தம் எடுக்க, ஈசிஜி எடுக்கக் கத்துக்கிட்டேன், டாக்டர் பிஏ எல்லாரும் ரவுண்ட்ஸ் வரும்போது பக்கத்துல நின்னு கேக்கலாம், ரெக்கமண்டேஷன் லெட்டரும் அங்க இருந்த ஒரு பிஏ கிட்டதான் வாங்கினேன். ஆஸ்பத்திரி அனுபவம் அப்ளிகேஷன்ல பளிச்சுன்னு தெரியும், உண்மைதான், ஆனா அங்க நோயாளி மூணு நாள்ல வீட்டுக்குப் போயிருவாங்க, ஒரே மனுஷன் உடம்பு மாசக்கணக்குல எப்படி மாறுதுன்னு நர்சிங் ஹோம்தான் காட்டும், ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா நான் மறுபடியும் நர்சிங் ஹோமுக்குத்தான் போவேன்.

ஒரு விஷயம் மறந்துடாதீங்க, மணி நேரத்த அன்னன்னைக்கே குறிச்சு வைங்க, சூப்பர்வைசர் பேரு, போன் நம்பர், சேர்ந்த தேதி, வாரத்துக்கு எவ்வளவு, எல்லாம் காஸ்பால கேக்கும். நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதற எடத்துல "நோயாளிகளுக்கு உதவினேன்"னு மொட்டையா எழுதாதீங்க, சிஎன்ஏ வேலையையே என்ன செஞ்சாங்கன்னு பார்த்துத்தான் எந்தக் கட்டம்னு முடிவு பண்றாங்க. மொத வருஷம் நான் அப்படி எழுதி, 700 மணி நேரத்தோட அவசரப்பட்டு அப்ளை பண்ணி, ஒரே ஒரு இன்டர்வியூ வந்து வெயிட்லிஸ்ட்லயே நின்னுருச்சு.

ரெண்டாவது வருஷம் இன்டர்வியூல, இத்தனை மணி நேரத்துல உங்களுக்கு மறக்காத ஒரு நோயாளியப் பத்தி சொல்லுங்கன்னாங்க. குதிங்கால சொன்னேன். வேட்டியையும் சொன்னேன், வேட்டின்னா என்னன்னு விளக்க வேண்டியிருந்துச்சு.

சீட் கெடைச்ச மெயில் வந்தப்ப அம்மா இருக்கற பொள்ளாச்சில ராத்திரி ரெண்டு மணி, பரவால்லன்னு கூப்பிட்டேன். முழுசா கேட்டுட்டு "செரி கண்ணு, அந்தத் தாத்தாவுக்கு காலு ஆறிருச்சா?"ன்னாங்க. ஒரு வாரத்துலயே சூடு எறங்கி தோல் பழையபடி மெதுவாயிருச்சும்மா, புண்ணாவே ஆகலன்னேன்.