பல்வலிதானே என்று விட்ட நான்கு நாட்கள்

ஐந்து வாரம் கழித்து நேற்றுதான் பெரியப்பா வீடு திரும்பினார். எல்லாம் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் இருந்த ஒரு சொத்தையில் ஆரம்பித்தது. வலி மாத்திரை போட்டு நான்கு நாள் ஓட்டினார். சர்க்கரை வேறு கட்டுப்பாட்டில் இல்லை.

ஐந்தாம் நாள் காலை கழுத்து வீங்கி, தோல் சிவந்து பளபளவென்று இருந்தது. "எச்சில்கூட முழுங்க முடியலடா" என்றார். லேசாகத் தொட்டதற்கே துடித்துப்போனார். என் விரலுக்கடியில் மணலை நெரிப்பது போல நறநறவென்றது. கிருமிகள் உண்டாக்கும் வாயு அது என்று அப்புறம் மருத்துவர் சொன்னார்.

நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ். தசைகளைப் போர்த்தியிருக்கும் உறை வழியாகப் பரவி, ரத்தக்குழாய்களை அடைத்து, திசுவை அழுகச் செய்யும் தொற்று. பின் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி வாயின் அடித்தசைக்கும் கீழே இருப்பதால் சீழ் எளிதாகக் கழுத்துக்கு இறங்கிவிடும். அங்கிருந்து நெஞ்சுக்குள்ளும் போகலாம். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் ஆன்டிபயாடிக்கோடு, செத்த திசுவை வெட்டியும் எடுக்கிறார்கள். பெரியப்பாவுக்கு மூன்று முறை வெட்டினார்கள். மூச்சுக்குத் தொண்டையில் குழாய். கடைசியில் தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள்.

பல்வலியோடு வாய் திறக்க முடியாமல் போனால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், குரல் மாறினால், வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். நடுராத்திரியானாலும் சரி.

இன்று காலை பெரியப்பா தானாகவே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஒவ்வொரு மடக்காக, நிறுத்தி நிறுத்தி. முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.