பாயில் படுத்தாலும் அதே டாக்டர்

பள்ளிக்கு நாலு பெஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு பேனர் கட்டும் கம்பெனிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்டாலே, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். வரி கட்டியதற்கு யாராவது பேனர் வைப்பார்களா? மிச்சம் 98 சதவீத லாபம் எப்படி வந்தது என்று பாருங்கள்.

சம்பாதிக்கும் வழியிலேயே சேவையும் நடக்கும் இடத்துக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அரசு வேலையில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதுதான் குறிக்கோள். கட்டணம் கொடுப்பவர்களின் காசில்தான் இலவச ஆபரேஷனும் நடக்கிறது. டாக்டர்கள் இரண்டு பிரிவிலும் மாறி மாறி வேலை பார்ப்பார்கள். ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியை சிஸ்டர்கள் தயார்செய்துவிடுவார்கள். டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். டாக்டரின் நேரம்தான் மிக விலை கூடியது, அதை வீணாக்காததால்தான் கணக்கு கட்டுப்படியாகிறது.

தவறிய இடங்களும் உண்டு. முகாமில் கண்புரை என்று சொல்லி அனுப்பிய பலர் ஆபரேஷனுக்கு வரவேயில்லை. விசாரித்தால் பஸ் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, துணைக்கு ஆளில்லை. "இலவசம்" என்ற சொல்லில் இதெல்லாம் அடங்கவில்லை. அதன் பிறகு பஸ்ஸும் சாப்பாடும் மருத்துவமனைப் பொறுப்பாயின. ஒரே பக்கத்து ஊர்க்காரர்களைச் சேர்த்தே கூட்டிவந்ததில் துணைப் பிரச்சினையும் தீர்ந்தது.

இன்னொன்று, புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். வெளிநாட்டு லென்ஸ் கட்டுப்படியாகாததால், ஒரு காலத்தில் பணம் கட்டியவருக்குக் கண்ணுக்குள் லென்ஸ், இலவச நோயாளிக்கு சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் எதிரில் நிற்கும் ஆளின் முகம் தெரியாது. நன்கொடை திரட்டி லென்ஸ் வாங்கியிருக்கலாம். ஆண்டுதோறும் கையேந்த வேண்டியிருக்கும். 1992இல் ஆரோலேப் என்ற சொந்த லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, சுமார் 10 டாலர் விலையில் தாங்களே தயாரித்தார்கள்.

வித்தியாசம் இன்றும் இருக்கிறது. கட்டண நோயாளிக்கு ஏசி அறை, பேகோ ஆபரேஷன் (மெஷினால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது), மடக்கு லென்ஸ். இலவசப் பிரிவில் பாய், பெரும்பாலும் கையால் செய்யும் சிறு கீறல் ஆபரேஷன். கீறல் சில மில்லிமீட்டர் பெரிது. திரும்பக் கிடைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசமில்லை.