சன்ரூப்புக்குத் தகரம் அடிக்கச் சொன்னவர்கள்

தேங்காய் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, குளித்துவிட்டு, வினாத்தாள் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மகன்தான் வாசலில் நின்று, "அம்மா, காருக்கு மேல தேங்கா கிடக்கு" என்றான். கிடந்தால் எடுத்துக் கீழே போடு என்றேன். "எடுக்கலாம், ஆனா கண்ணாடியக் காணல்ல" என்றான்.

போய்ப் பார்த்தால் சன்ரூப், அதாவது கார்க் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. உள்ளே இழுத்து மூடும் தட்டு மூடியிருந்ததால் தேங்காய் அதன்மேல் அடைகாக்கும் கோழி மாதிரி அமர்ந்திருந்தது. சுற்றிலும் கற்கண்டுத் துண்டுகள் போலக் கண்ணாடி. அந்தத் தட்டு மட்டும் திறந்திருந்தால் அத்தனையும் சீட்டுக்குள் போயிருக்கும். அன்றிலிருந்து கார் நிற்கும்போது தட்டை மூடித்தான் வைக்கிறேன்.

ஆடி மாதம், கச்சான் காற்று. நாவற்குடாவில் எங்கள் வளவில் நிற்கும் தென்னைகளில் நெற்றுத் தேங்காய் பழுத்துத் தொங்குவது எனக்குத் தெரியும். மூன்று மாதமாகப் பறிக்கிறவருக்குப் போன் கோல் எடுத்துக்கொண்டிருந்தேன். "நாளைக்கு வாறன் டீச்சர்", "மறுகா கோல் எடுக்கன் டீச்சர்". நான் காரை எடுத்து வேறு இடத்தில் விட்டிருக்கலாம். வெயிலுக்குப் பயந்து நிழலில் விட்டேன். அம்மா காரைப் பார்க்கவேயில்லை. தேங்காயை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "நல்ல முத்தின காய்" என்று உரித்து அன்றிரவே சம்பல் அரைத்துவிட்டார். நானும் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது?

கார் 2007 ஹொண்டா சிவிக், எஃப்டி1 மொடல். 2019 இல் வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பத்திடம் வாங்கியது. சன்ரூப் வேண்டும் என்று தேடி வாங்கவில்லை, அது காரோடு வந்தது. மட்டக்களப்பு வெயிலில் யார் கூரையைத் திறந்துகொண்டு போவார்கள்? வருடத்தில் ஓரிரு தடவை, மார்கழி இரவில் பாசிக்குடாப் பக்கம் போய் வரும்போது மகன் திறப்பான். அவ்வளவுதான். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழைய கார் கிட்டத்தட்ட ஒரு காணித்துண்டு மாதிரி ஆகிவிட்டது. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்தான். அந்த வரிக்குப் புதுக் கார் வாங்குகிற சம்பளம் ஆசிரியருக்கு இல்லை. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்த நாள் பார்க்க வந்த எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள். தகரம் வெட்டி வைத்து வெல்ட் பண்ணி, புட்டி போட்டு பெயின்ட் அடித்துவிடு. "டீச்சர், இனி ஒழுகவும் ஒழுகாது." என் மைத்துனர் பைபர் சீட் என்றார். டவுனில் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், அளவு கொண்டு வாங்க, அஞ்சு மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டித் தாறன் என்றார்.

அந்தக் கடைசி ஆலோசனையில்தான் எனக்குள் இருந்த பௌதிகவியல் ஆசிரியை எழும்பிவிட்டாள். சன்ரூப்பில் இருப்பது டெம்பர் பண்ணிய கண்ணாடி. வேண்டிய அளவில் வெட்டி, விளிம்பு தேய்த்து, வளைத்த பிறகுதான் அதை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி இரண்டு பக்கமும் குளிர்காற்று அடித்துச் சட்டென்று ஆற்றுவார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு ஆறிச் சுருங்கும்போது வெளிப்பக்கம் நெருக்கற் தகைப்பிலும் (நெருக்குப்பட்டபடி) உட்பக்கம் இழுவைத் தகைப்பிலும் (இழுபட்டபடி) மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சாதாரண கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். அதனால்தான் ஓரிடத்தில் அந்தத் தோலைத் தாண்டிக் கீறல் போனால் முழுக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் சிறு கட்டிகளாக உதிர்கிறது. டெம்பர் பண்ணியதை வெட்டவே முடியாது. வெட்டித் தருகிறேன் என்கிறவரிடம் இருப்பது சாதாரண யன்னல் கண்ணாடி. அது உடைந்தால் அரிவாள் அரிவாளாகத் தலையில் விழும். முன் கண்ணாடி வேறு மாதிரி: இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் தொங்கிக்கொண்டு நிற்கும். உங்கள் காரின் கண்ணாடி மூலையில் சின்ன எழுத்தில் இருப்பதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அசாகி கண்ணாடியென்றால் டெம்பர் பண்ணியதில் 'டெம்பர்லைட்' என்றும் ஒட்டியதில் 'லாமிசேஃப்' என்றும் இருக்கும்.

உடைந்த கட்டிகளை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு உயர்தர வகுப்புக்குக் கொண்டுபோனேன். கணக்கும் கொடுத்தேன்: 15 மீற்றர் உயரம், ஒன்றரைக் கிலோ தேங்காய், வளித்தடையைப் புறக்கணிக்க. செக்கனுக்கு 17 மீற்றர் சொச்சம், அதாவது மணிக்கு 62 கிலோமீற்றர். சக்தி 225 யூல். பின் வாங்கில் இருந்த ஒருவன் "டீச்சர், தேங்காய்க்குச் சேதம் இல்லையா?" என்று கேட்டான். சம்பலைப் பற்றி நான் சொல்லவில்லை.

இன்சூரன்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஃபுல் இன்சூரன்ஸ்தான். வந்து படம் எடுத்தார்கள். கண்ணாடிக்கென்று நான் மேலதிகமாகக் கட்டிய காசு முன் கண்ணாடிக்கு மட்டுமாம். கூரையில் இருப்பது கண்ணாடிதான், ஆனால் 'அந்தக் கண்ணாடி' இல்லையாம். சாதாரண சேதமாகக் கேட்டால் முதல் 25,000 ரூபா என் கையால், அடுத்த வருடம் இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் கழிவும் போய்விடும். கூட்டிக் கழித்துப் பார்த்து விட்டுவிட்டேன். பொலிசியை வாங்குகிற அன்றே சன்ரூப் எதில் அடங்கும் என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

அதற்கிடையில் மகன் ஒரு வேலை செய்தான். மோட்டர் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று சுவிச்சை அழுத்திவிட்டான். கறகற என்று ஒரு சத்தம். சன்ரூப் ஓடும் தண்டவாளத்துக்குள் கண்ணாடித் தூள் கிறீசோடு சேர்ந்து கிடக்கும்போது அதை இழுத்தால் கேபிள் இறுகி, மோட்டரும் சேர்ந்து போகலாம். நல்லகாலம், ஒரு விரல் அளவு நகர்ந்ததோடு கையை எடுத்துவிட்டான். இப்படி உடைந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். பக்கத்து வீட்டில் வக்கியூம் கிளீனர் வாங்கிப் பெரிய துண்டுகளை உறிஞ்சினோம். கிறீசில் ஒட்டிய தூளுக்கு அதுவும் சரிவரவில்லை. அம்மா ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவில் ஒரு உருண்டை கிள்ளித் தந்தார். திரிபோல உருட்டித் தண்டவாளம் நெடுக ஒற்றி எடுத்தால் மினுங்க மினுங்க வந்தது. நாலு உருண்டை போனது. அதையெல்லாம் கோழி தின்னாமல் புதைக்க வேண்டியிருந்தது.

ஓட்டைக்கு மேலே தடித்த பொலித்தீன் போட்டு டேப் ஒட்டினேன். வளவுக்குள் நிற்க அது போதும். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் வாவிக்காற்று பிடித்து, கூரையில் யாரோ பறை அடிக்கிற மாதிரி இரைச்சல். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கிழமை அப்படித்தான் பள்ளிக்கூடம் போனேன். ஐப்பசிக்கு முன் முடித்தாக வேண்டும். மாரி தொடங்கினால் பொலித்தீனாவது தறப்பாளாவது!

ஹொண்டா ஏஜென்டிடம் புதிதாக எடுப்பதென்றால் விலையும் மலை, காத்திருப்பும் மலை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பாட்ஸ் கடைகளுக்குப் படம் அனுப்பினேன். ஒருவர் இருக்கு என்றார். எந்த வருடத்து சிவிக் என்று கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் மிஸ், போட்டாப் போகும்." நம்பிக் காசு போட்டேன். இரவு பஸ்ஸில் ரெஜிபோம் சுற்றிப் பார்சல் வந்தது. விடிய நாலரைக்குப் போய், குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தேன். வைத்துப் பார்த்தால் வளைவு வேறு, அகலமும் குறைவு. அது 2001 முதல் 2005 வரை வந்த முந்திய சிவிக்கின் கண்ணாடி. கேட்டதற்கு, "கண்ணாடி திருப்பி எடுக்கிறதில்ல மிஸ்" என்றார்.

இரண்டாவது தடவை நான் சும்மா விடவில்லை. சேசி நம்பர் தட்டைப் படம் எடுத்தேன். பழைய சட்டத்தை நூல் வைத்து நீளம், அகலம், குறுக்குக் கோடு இரண்டும் அளந்தேன். (சன்ரூப் கண்ணாடி தனியாக வராது, சுற்றி ரப்பரும் கீழே பிரேமும் ஒட்டிய ஒரே துண்டாகத்தான் வரும்.) பிரேமில் ஸ்க்ரூ துளைகள் இருக்கும் இடத்தையும் அளந்து அனுப்பி, விற்கிறவர் தன் கண்ணாடிமேல் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பினால்தான் காசு என்றேன். மொறட்டுவையில் படிக்கும் அண்ணன் மகனை நேரில் அனுப்பி, விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். டெம்பர் கண்ணாடியின் பலவீனம் விளிம்பில்தான். நடுவில் சுத்தியலால் தட்டினாலும் தாங்குவது, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் ஒரு நாள் காரணமில்லாமல் உதிர்ந்துவிடும். பிள்ளை அதை உதய தேவி ரயிலில், மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பூட்டுவதற்கு முதலில் கேட்ட கராஜில் உட்கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டும், கூலி மட்டும் 35,000 என்றார்கள். காத்தான்குடியில் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருக்கிறார், பழைய ஜப்பான் கார்களில் கைதேர்ந்தவர். அவர் சிரித்தார். "டீச்சர், மோட்டர் மாத்த எண்டாத்தான் அதக் கழட்டணும். கண்ணாடிக்கு என்னத்துக்கு?" உள்தட்டைப் பின்னால் தள்ளினார். இரண்டு பக்கமும் மூடியிருந்த சின்ன பிளாஸ்டிக் மூடிகளை நெம்பினார். உள்ளே ஸ்டார் ஸ்க்ரூ. கழற்றிப் பழைய சட்டத்தை மேலே தூக்கி எடுத்தார். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலை முழுவதும் அதற்குப் பிறகுதான்.

ஸ்க்ரூக்களை இறுக்காமல் கண்ணாடியை வைத்துவிட்டு என்னிடம் ஏடிஎம் அட்டையைக் கேட்டார். கூலிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அட்டையைக் கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவே வைத்து உயரம் பார்த்தார். முன் விளிம்பு கூரையைவிட ஓர் அட்டைத் தடிப்புக்குத் தாழ்ந்து நிற்கலாம், உயரக்கூடாது. பின் விளிம்பு அதே அளவு உயர்ந்து நிற்கலாம். மாறிப் பூட்டினால் காற்று வந்து விளிம்பில் முட்டி விசிலடிக்கும். அந்த அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர் என்று நான் சொன்னேன். "அப்பிடியா? நான் முந்தி ரெண்டு ரூபாக் குத்தியிலதான் பாக்கிற" என்றார். பிறகு ஒரு கடதாசித் துண்டை ரப்பரில் வைத்து மூடி, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தார். இறுக்கிப் பிடித்து வர வேண்டும். சும்மா உருவிக்கொண்டு வந்த இடத்தில் திரும்ப இளக்கி, அசைத்து, இறுக்கினார். ஒரு மணித்தியாலம் இதுதான். எனக்கு அலுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிளம்பும் நேரம் நானா ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து, கண்ணாடியைத் திறந்து, ஓரத்து வாய்க்காலுக்குள் மெதுவாக ஊற்றத் தொடங்கினார். நான் பதறிவிட்டேன். அப்போதுதான் விளங்கியது, நான் இத்தனை வருடம் நினைத்தது பிழை. சன்ரூப்பின் ரப்பர் மழையை முழுதாக மறிப்பதற்கு இல்லை. கொஞ்சத் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அது அந்த ஓர வாய்க்காலில் சேர்ந்து, நாலு மூலையிலும் உள்ள குழாய்களால் முன் தூண்களுக்குள்ளும் பின் தூண்களுக்குள்ளும் இறங்கி, காருக்குக் கீழே வெளியேற வேண்டும். மூன்று மூலையில் ஊற்றியது கீழே சொட்டியது. பின் இடது மூலையில் ஊற்றியது அப்படியே நின்றது.

நானாவின் பையன் கம்பிரசர் குழாயோடு ஓடி வந்தான். "வைடா அத!" என்று ஒரு சத்தம் போட்டார். காற்றடித்தால் குழாய் உள்ளே கழன்றுவிடும், பிறகு உண்மையாகவே உட்கூரையை இறக்க வேண்டிவரும். தடித்த தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) ஒரு முழத்துக்கும் கூடுதலாக வெட்டி, நுனியை லைற்றரில் சுட்டு மிளகளவு உருண்டையாக்கி, மூலைத் துளையால் மெல்ல மெல்ல விட்டார். குத்தாமல், சுழற்றிச் சுழற்றி. கீழே கறுப்புத் தண்ணீர் பீச்சியது. அதோடு வந்தது என்ன தெரியுமா? உலர்ந்த தென்னம்பூ. ஒரு பிடி இருக்கும். ஒவ்வொரு மாரிக்கும் பின் இடது கால்மிதி நாறுவதற்கு மகனின் நனைந்த குடைதான் காரணம் என்று வருடக்கணக்காக அவனை ஏசியிருக்கிறேன்.

பிழையான கண்ணாடி 28,000. சரியானது 42,000. கூலி 6,000, தங்கூசிக்கு அவர் காசு வாங்கவில்லை. தகரம் அடித்திருந்தால் 20,000 க்குள் முடிந்திருக்கும் என்று என் கணவர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

பூட்டி மூன்றாம் நாள் காலை தேங்காய் பறிக்கிறவர் வந்து நின்றார். மரத்தை அண்ணாந்து பார்த்தார், காரைப் பார்த்தார். "டீச்சர், காரக் கொஞ்சம் அங்கால எடுத்து விடுங்களன். கண்ணாடி கிண்ணாடி உடைஞ்சா மறுகா என்னச் சொல்லுவீங்க."

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. உள்ளே ஒரு சொட்டும் இல்லை. குடைக்காக ஏசியதற்கு மகனிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. முன் சீட்டின் பெல்ட் பூட்டுக்குள்ளிருந்து போன கிழமையும் ஒரு கண்ணாடிக் கட்டி வந்தது.

முந்திய மொடல் கண்ணாடி இன்னும் எங்கள் விறாந்தையில் ரெஜிபோம் சுற்றியபடி சாய்ந்து நிற்கிறது. 2001 முதல் 2005 வரையான சிவிக், சன்ரூப்போடு வைத்திருப்பவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். 15,000 க்குத் தருவேன். விளிம்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன், சுத்தம். அளவுகளை நூல் வைத்து அளந்து அனுப்பினால்தான் கொடுப்பேன்.