பானெட் சூடாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்

வருடத்துக்கு நாலு தடவையாவது குடும்பத்தோடு திருநெல்வேலி போய்வர வேண்டியிருக்கிறது. அதனால் ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் முடிவானது. புதுசு வாங்கக் கையில் காசில்லை, செகண்ட் ஹேண்ட்தான், பட்ஜெட் 8 லட்சம். ஆறு வாரம் சென்னை முழுக்க அலைந்து மூன்று வண்டிகளை உருப்படியாகப் பார்த்து மூன்றாவதை வாங்கினேன். முதல் இரண்டை ஏன் விட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் வண்டி வேளச்சேரி பக்கம். "ஒரே ஓனர், டாக்டர் வண்டி சார்" என்றார் புரோக்கர். (இந்த ஊரில் விற்பனைக்கு வரும் வண்டியில் பாதி டாக்டர் வண்டியாகத்தான் இருக்கிறது!) பெயின்ட் பளபளவென்று இருந்தது, கதவைத் திறந்தால் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது, அப்போதே லேசாக சந்தேகம். கூட வந்த மெக்கானிக் அண்ணன், வில்லிவாக்கத்தில் இருபது வருடமாக டீசல் வண்டி மட்டும் பார்ப்பவர், பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டினார். வெளியே தெரியும் பகுதி சுத்தம், உள்ளே சுருண்டிருந்த கடைசி அரை அடியில் சேற்றுக் கறை. தரைக் கார்ப்பெட்டைத் தூக்கினால் சீட் ரெயில் துருப்பிடித்திருக்கிறது, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கனெக்டர் பச்சை பூத்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று இரண்டு முறை முங்கி எழுந்த ஊர் இது, இங்கே இதைப் பார்க்காமல் வண்டி வாங்குவது சூதாட்டம். ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். லேசாக வளைந்த ராடோடும் வண்டி கொஞ்ச நாள் ஓடும் என்பதுதான் இதில் ஆபத்து.

இரண்டாவது, ஓஎம்ஆரில். டீசல் இன்ஜினின் உண்மை அது ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்கும்போது போடும் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும் என்று அண்ணன் சொல்லியிருந்ததால், "நான் வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று முந்தின நாளே போனில் சொல்லிவைத்திருந்தேன். காலை 6.30க்குப் போய் பானெட்டைத் தொட்டால் சுடச்சுட இருக்கிறது. கேட்டால் "பால் வாங்கப் போனேன்" என்கிறார். சரி, வந்தது வந்தோம் என்று பார்த்தோம். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று புகை. மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள், பிஸ்டன் ரிங் தேய்ந்து எரியும் வாயு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். லேசான ஆவி எல்லா டீசலிலும் வரும், ஆனால் இப்படி உந்தி அடித்தால் பெரிய செலவு. ஸ்கேனர் மாட்டினால் ஃபால்ட் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீடு) ஒன்றுகூட இல்லை. சந்தோஷப்படுவதற்குள் அண்ணன் இன்னொரு வரியைக் காட்டினார்: கோடுகளை அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் 12 கிலோமீட்டர். பால் வாங்கப் போன தூரமாகக்கூட இருக்கலாம்.

மூன்றாவது அம்பத்தூரில், 2017 மாடல், பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டு விதியில் பிஎஸ்6க்கு முந்தின படி). பிஎஸ்6 வண்டி என் பட்ஜெட்டுக்கு வராது என்பது ஒரு பக்கம், அதில் சைலன்சர் லைனில் இருக்கும் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி ஊருக்குள்ளேயே சின்னச் சின்னத் தூரம் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும் என்ற பயமும் இருந்தது. இந்த ஓனர் பானெட் ஜில்லென்று இருக்கும்போதே கூப்பிட்டார். அரை செல்ஃபில் ஸ்டார்ட், முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. நிற்காமல் வந்திருந்தால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ, ஸ்டார்ட்டுக்குச் சூடேற்றும் க்ளோ ப்ளக்கோ, இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டோ என்று தோண்ட வேண்டியிருக்கும். சென்னை வெயிலுக்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, டர்போ சீலையோ ரிங்கையோ பார்க்க வேண்டும். ரேஸ் பண்ணும்போது அடர்த்தியாகக் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிசலா, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்ததா என்று பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்ததும் நான் பயந்தேன், அண்ணன் சிரித்தார். "டீசல்ல ஆயில் மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும் தம்பி, தேன் கலர்ல இருந்தாத்தான் கேள்வி கேக்கணும், விக்கிறதுக்காக நேத்து மாத்தியிருப்பான்." பால் கலந்த காபி நிறம் என்றால் மட்டும் ஓடிவிடச் சொன்னார், கூலன்ட் கலந்திருக்கிறது.

கிளட்ச் பார்க்கத்தான் மேடு வேண்டும், சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? கத்திப்பாரா பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் பரங்கிமலைக்கு ஏற்றினோம். மூன்றாவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் முடிந்தது. இறங்கும்போது ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் டக் டக், சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கிறது. ஸ்கேனரில் மூன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டரின் கரெக்ஷன் அளவு (டீசலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டும் அளவு) மட்டும் மற்றதைவிட அதிகம். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லை, பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு, அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஓனர் முன்னால் வைத்தேன். 8.25 லட்சம் சொன்னவர் 7.4க்கு வந்தார், முகம்தான் கொஞ்சம் வாடிவிட்டது. அப்புறம் இந்த வேலைகளைச் செய்ய எனக்கு ஆனது 71,000 ரூபாய்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக: பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஆர்சியில் கடன் பதிவு இருந்ததால் பேங்க் என்ஓசியும் அந்தப் பதிவை நீக்கும் ஃபாரம் 35ம். பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற வேண்டும், பழைய ஓனருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைக் கோட்டை விட்டேன். மூன்று தடவையும் விடிகாலையில் போனதால் ஏசி நன்றாகத்தான் இருந்தது. மே மாதம் மதியம் 2 மணிக்கு ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் நின்றபோது வெறும் காற்று வந்தது, பின்னால் அம்மா விசிறியை எடுத்துவிட்டார். கூலிங் காயிலில் லீக். டேஷ்போர்டை மொத்தமாகக் கழற்றி மாட்ட இரண்டு நாள், 18,000 ரூபாய். "மத்தியானமும் ஒரு தடவை பாத்திருக்கலாம் தம்பி" என்றார் அண்ணன், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.