ஒரு குடத்துக்கு 7 நோடு போதும்: இங்க்ஸ்கேப்பில் வரையப் பழகுவோருக்கு

படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பைத் திறந்ததும் பலருக்கும் கை முதலில் போவது பென்சில் கருவிக்கு. காகிதத்தில் வரைந்த பழக்கம். மவுஸைப் பிடித்து ஒரு மாங்காயை இழுத்து முடித்து, நோடு கருவிக்கான எஃப்2 அழுத்திப் பார்த்தால் ஓரமெல்லாம் எறும்பு மொய்த்தது மாதிரி நோடுகள், அதாவது கோட்டைத் தாங்கும் புள்ளிகள். ஒன்றை நகர்த்தினால் அந்த இடத்தில் மட்டும் பல் துருத்தும், பக்கத்தில் பள்ளம் விழும். கை பழகவில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் பென்சிலையே தேய்ப்பவர்கள் உண்டு. எத்தனை மாதம் தேய்த்தாலும் இது மாறாது. வெக்டரில், அதாவது கோடுகளைக் கணக்காக வைத்திருக்கும் இவ்வகைப் படத்தில், நாம் வைப்பது நோடுகளைத்தான். இடையில் வரும் வளைவைக் கணக்குப் போட்டு வரைவது மென்பொருள். நோடு குறையக் குறைய வளைவு வழவழப்பாகும்.

இந்தக் கணக்கு ஓவியர்களுக்காகப் பிறந்ததல்ல. கார் உடலின் வளைவுகளை எண்களால் எழுதுவதற்காக சிட்ரோயென் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோவும், ரெனோவில் பியேர் பெசியேயும் தனித்தனியே வகுத்தது. பென் கருவியின் மேல் மவுஸை வைத்தால் பெசியே பெயர் தெரியும். நோடில் இருந்து இரு பக்கமும் நீளும் கைப்பிடிக்கு ஹேண்டில் என்று பெயர். அது எந்தத் திசையில் நிற்கிறதோ அந்தத் திசையில் கோடு புறப்படும். எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் அந்தத் திசையை விடாமல் போகும்.

முதல் வாரத்துக்கு வட்டம் மட்டும் போதும். எஃப்5 அழுத்தி ஒரு வட்டம் போட்டு, மேல்பட்டையில் இரண்டு ஆரத்தையும் 50 மி.மீ. ஆக்குங்கள். ஷிஃப்ட் கன்ட்ரோல் சி அழுத்தினால் அது பாத், அதாவது நோடுகளால் திருத்தக்கூடிய கோடு ஆகும். இப்போது எஃப்2. மேல், கீழ், இடம், வலம் என்று நாலே நோடு. ஒவ்வொரு ஹேண்டிலும் சுமார் 27.6 மி.மீ., அதாவது ஆரத்தில் 0.55 பங்கு. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்யலாம், தப்பில்லை. அந்த லேயரை (அடுக்கை) பூட்டிவிட்டு, மேலே புது லேயரில் ஷிஃப்ட் எஃப்6 அழுத்தி பென் கருவி கொண்டு அதே வட்டத்தை நாலு நோடில் நகலெடுங்கள். கிளிக் செய்த விரலை எடுக்காமல் இழுத்தால் ஹேண்டில் வரும். கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் 15 டிகிரி படிகளில் நிற்பதால் நேர்க்கிடையாக இழுப்பது சுலபம். வட்டம் வைரக்கல் மாதிரி ஒடுங்கினால் ஹேண்டில் குட்டை. சோப்புக்கட்டி மாதிரி மூலை தட்டினால் நீளம் அதிகம். பார்த்த மாத்திரத்தில் இதைச் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பென் கருவியில் எஸ்கேப் அழுத்தினால் வரைந்துகொண்டிருக்கும் கோடு மொத்தமும் போய்விடும். முடிக்க என்டர், கடைசித் துண்டை மட்டும் அழிக்க பேக்ஸ்பேஸ். மூடிய வடிவம் வேண்டுமென்றால் முதல் நோடின் மேல் கொண்டுபோய், அது சிவப்பாக மாறிய பிறகு கிளிக் செய்ய வேண்டும். திறந்த பாத்துக்கும் இங்க்ஸ்கேப் வண்ணம் நிரப்பிவிடும் என்பதால், மூடாமல் விட்டது கண்ணில் படாது. ஓரக்கோடு கொடுக்கும்போதுதான் இடைவெளி தெரியும்.

நோடை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான பாடம். வடிவம் மிக அகலும் இடம், மிக ஒடுங்கும் இடம், மிக உயரும் இடம், மிகத் தாழும் இடம், பிறகு கூர்மையாக முறியும் மூலைகள். ஒரு எஸ் திருப்பத்தை, இரண்டு நோடுக்கு இடைப்பட்ட ஒரே துண்டு தாங்கும். அதற்கு நடுவில் நோடு வைத்தால் அங்கே ஒரு நெளிசல் எளிதில் விழும்.

இதைக் குடத்தில் பழகுவது நல்லது. இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் பாதி வரைந்தால் போதும், தவறும் உடனே தெரியும். ஏ4 தாளில் இடது அளவுகோலில் இருந்து ஒரு கைடு கோட்டை இழுத்து, அதை இரட்டைக் கிளிக் செய்து எக்ஸ் மதிப்பை 105 மி.மீ. ஆக்குங்கள். வலப்பாதிக்கு ஐந்து நோடு. கைடின் மேல் வாயின் நடுப்புள்ளி ஒன்று. அதே உயரத்தில் 35 மி.மீ. தள்ளி வாய் விளிம்பு. இந்த இரண்டுக்கும் இழுக்காமல் வெறும் கிளிக். அடுத்தது கழுத்து: வாயிலிருந்து 20 மி.மீ. கீழே, கைடிலிருந்து 25. கன்ட்ரோல் பிடித்து நேர்கீழாக 15 மி.மீ. இழுங்கள். பிறகு வயிறு: வாயிலிருந்து 75 கீழே, கைடிலிருந்து 65, நேர்கீழாக 30 இழுப்பு. கடைசியாக அடியின் நடுப்புள்ளி: 130 கீழே, கைடின் மேலேயே, கிடைமட்டமாக இடப்பக்கம் 36 இழுத்து என்டர். 30ம் 36ம் எங்கிருந்து வந்தன என்றால், வயிற்றுக்கும் அடிக்கும் இடையே உயரம் 55, அகலம் 65; இரண்டையும் 0.55ஆல் பெருக்கியது.

தோள் சரிந்து தளர்வாகத் தெரிந்தால் புது நோடு சேர்க்க வேண்டாம். எஃப்2க்கு வந்து வயிற்று நோடின் மேல் ஹேண்டிலை நீட்டுங்கள், தோள் நிறையும். கழுத்தின் கீழ் ஹேண்டிலை நீட்டினால் கழுத்து நீளும். பித்தளைக் குடத்தையும் எவர்சில்வர் குடத்தையும் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டு ஹேண்டில்கள்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இனி மறுபாதி. கன்ட்ரோல் டி நகலெடுக்கும், எச் இடவலமாகத் திருப்பும். நோடுகளைத் தானே ஒட்டவைக்கும் ஸ்னாப்பை இயக்கி, நகலின் முனை நோடு மற்றதன் முனை நோடில் ஒட்டும்வரை நகர்த்துங்கள். மேல்பட்டையில் எண் தட்டி நகர்த்துபவர்களுக்கு இங்கே ஒரு தொல்லை வரும்: அந்த எண், கோட்டின் தடிமனையும் சேர்த்த எல்லையைக் குறிக்கிறது, அதனால் நோடு அந்த எண்ணில் உட்காராது. முன்னுரிமைகளில் எல்லைப்பெட்டியை ஜியோமெட்ரிக் என்று மாற்றினால் சரியாகும். பிறகு இரண்டையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் கே அழுத்தினால் ஒரே பாத் ஆகும். எஃப்2க்கு வந்து அடி நோடுகளைச் சுற்றி ஒரு பெட்டி இழுத்தால் கீழே நிலைப்பட்டையில் 10இல் 2 நோடு தேர்வானதாகக் காட்டும். ஷிஃப்ட் ஜே அவற்றை இணைக்கும். வாய்ப்பக்கமும் அப்படியே. இணைத்த அடியில் கூர் தெரிந்தால், பாதி வரையும்போது கடைசி ஹேண்டில் கிடைமட்டமாக இல்லை என்று பொருள். ஷிஃப்ட் எஸ் அதை மழுக்கும். வாயின் நடு நோடு நேர்கோட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அழித்துவிடலாம். மிஞ்சுவது 7 நோடு.

குடத்தைச் சின்ன ஐகானாகச் சுருக்கும்போது கோடு மட்டும் தடித்து நின்றால், தேர்வுக் கருவியின் பட்டையில் கோட்டுத் தடிமனும் சேர்ந்து மாறும் பொத்தான் அணைந்திருக்கிறது.

புகைப்படத்தைப் பிட்மேப் ட்ரேஸில் கொடுத்தால் ஒரு நொடியில் வெக்டர் வந்துவிடுமே என்பார்கள். வரும். கறுப்பு வெள்ளையில் தெளிவாக ஸ்கேன் செய்த கையெழுத்துக்கு அது நல்ல கருவி. ஜேபெக் படத்தைக் கொடுத்தால் அதன் ஓரப் புழுதிக்கும் நோடு போட்டுத் தரும். கன்ட்ரோல் எல் நோடுகளைக் குறைக்கும், ஆனால் அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் வீரியம் கூடி மூலைகள் கரைந்துவிடும். கற்றுக்கொள்ளும் காலத்தில் படத்தை அடி லேயரில் 40 சதவீத ஓபாசிட்டியில் மங்கலாக வைத்துப் பூட்டி, மேலே கையால் வரைவதே மேல்.

படத்தில் தமிழ் எழுத்து இருந்தால் அச்சகத்துக்கு அனுப்பும் முன் இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் தட்டிய ‘கொடி’, அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ பழைய மென்பொருளிலோ திறந்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறலாம். அனுப்பும் கோப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் கன்ட்ரோல் சி கொடுத்தால் அது வெறும் வடிவமாகிவிடும், எங்கும் சிதறாது. ஆனால் அதன் பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. அதற்குத்தான் மற்றக் கோப்பு. அச்சகத்தில் பிஎன்ஜி கேட்டால் 300 டிபிஐயில் ஏ4 முழுத்தாள் 2480க்கு 3508 பிக்சல் வர வேண்டும். ஏற்றுமதிப் பலகையில் அதைவிடச் சின்ன எண் தெரிந்தால், பக்கத்துக்குப் பதில் தேர்ந்தெடுத்த பொருள் மட்டும் போகிறதா என்று முதலில் பாருங்கள்.